கொடிநாள் உண்டியலில் போட்ட காசு எங்கே போகிறது?

வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ராணுவத்துக்கென்று மத்திய அரசு ஒரு வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறதாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் போட்டால் போதுமாம். அதில் நவீன ஆயுதமும் வாங்கிவிடலாம், காயம்பட்ட வீரர்களையும் உயிர் நீத்தவர்களின் குடும்பங்களையும் காப்பாற்றிவிடலாம். 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதல் நடந்த சூட்டில், அது மறுபடி கிளம்பியது. சில நாளிலேயே பாதுகாப்பு அமைச்சகம் மறுப்பு வெளியிட்டது: செய்தி தவறானது, அதில் உள்ள கணக்கு விவரங்களும் தவறு, அதனால் மக்கள் அனுப்பிய பணம் போய்ச் சேராமல் திரும்புகிறது.

நல்ல மனதோடு பணம் அனுப்பியவர்கள் அத்தனை பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'ராணுவ வீரர்களுக்கு உதவி' என்று நாம் சொல்லும்போது நாலைந்து வேறு வேறு விஷயங்களை ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறோம். பென்ஷன், இன்சூரன்ஸ், அரசு அறிவிக்கும் கருணைத் தொகை, டிசம்பரில் காகிதக் கொடி கொடுத்துத் திரட்டுகிற கொடிநாள் நிதி, ஆயுதம் வாங்குகிற பட்ஜெட் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன.

ஆயுதத்தை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். இந்தியாவின் 2025–26 பாதுகாப்பு பட்ஜெட் சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். 90 கோடிப் பேர் தினம் ஒரு ரூபாய் தவறாமல் போட்டாலும் ஆண்டுக்கு 33,000 கோடிதான் வரும். பட்ஜெட்டில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. பீரங்கி வாங்குவது வரிப்பணத்தின் வேலை. கொடைப்பணத்தின் வேலை வேறு.

## நடுகல்லோடு போன நிலம்

இந்த யோசனை நமக்குப் புதிதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் வயல்வரப்பில் இன்றும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு மீட்கப் போய் மாண்டவன், ஊரைக் காக்க நின்று வெட்டுப்பட்டவன் என்று கல்லில் எழுதியிருக்கும். நாம் பெரும்பாலும் கல்லைப் பார்த்து 'வீரம்' என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். சில கல்வெட்டுகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: இறந்தவனுக்காக விடப்பட்ட நிலம். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். நெத்தர்பட்டி என்றும் வரும். 'நெத்தரு' என்றால் கன்னடத்தில் ரத்தம். ரத்தம் சிந்தியதற்கு ஈடாகக் கொடுத்த நிலம்.

அங்கே கொடுத்தது ஒருமுறை கையில் திணித்த பொற்காசு இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் அப்படியே இருக்கும், விளைச்சல் வருஷாவருஷம் குடும்பத்துக்குச் சோறு போடும். இன்றைய கொடிநாள் நிதியின் எந்திரமும் கிட்டத்தட்ட இதேதான். அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

## மூன்று பைகள்

ஒரு தெருவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று இறந்துவிடுகிறார். அந்த வீட்டுக்குப் பணம் எந்தெந்த வழியில் வரும்? கம்பெனியிலிருந்து பி.எஃப்., கிராஜுவிட்டி வரும். யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. அவர் உழைத்துச் சேர்த்தது. எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அந்தத் தொகை வரும்; அவர் சந்தா கட்டியதற்கான பலன். மூன்றாவதாக, தெருக்காரர்கள் கூடி ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவார்கள். இதற்குச் சட்டம் கிடையாது. கொடுத்தால் உண்டு.

ராணுவத்திலும் இதே மூன்று பைகள்தாம்.

முதல் பை உரிமை. பென்ஷன், குடும்ப பென்ஷன், அரசின் கருணைத் தொகை. கருணைத் தொகை என்பது பணியில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்கு அரசு விதிப்படி ஒரே தடவையில் தரும் பணம். பெயரில்தான் கருணை இருக்கிறதே தவிர, எந்தச் சூழலில் இறந்தால் எவ்வளவு என்று அட்டவணையே உண்டு. போர்க்களத்திலோ எல்லை நடவடிக்கையிலோ இறந்தவரின் மனைவிக்கு, அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு ஈடான குடும்ப பென்ஷன் கிடைக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் நோயால் இறந்தவரின் மனைவிக்கு, பொதுவாக, கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. இரண்டு பேருமே 'மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி'தான். ஆனால் தொகையில் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது பை காப்பீடு. படைக்குள்ளேயே குழுக் காப்பீடு இருக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துவிடுவார்கள்.

மூன்றாவது பைதான் கொடை. கொடிநாள் நிதி இதில் வருகிறது. நம் கட்டுரையும் இந்தப் பையைப் பற்றித்தான்.

சுருக்கமாக இதுவரை: பென்ஷன் உழைத்தவரின் பாக்கி, காப்பீடு கட்டிய சந்தா, கொடை ஊர் போட்ட மொய். முதல் இரண்டும் நிரம்பியிருக்கிற வீட்டுக்கு மூன்றாவது பெரும்பாலும் தேவைப்படாது. அப்படியானால் யாருக்குத் தேவைப்படுகிறது?

## பென்ஷன் இல்லாத மிலிட்டரிக்காரர்

'மிலிட்டரியில இருந்தவர்தானே, பென்ஷன் வருமே' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

அதிகாரி அல்லாத ஒரு சிப்பாய்க்குச் சேவை பென்ஷன் வர வேண்டுமென்றால் 15 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். அதிகாரிக்கு 20 ஆண்டு. பதினோராவது ஆண்டில் அப்பா படுத்துவிட்டார், வீட்டில் பார்க்க ஆளில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு மாதப் பென்ஷன் கிடையாது. பனிமலையில் நின்றதும் உண்மை, சீருடை போட்டதும் உண்மை, மாதா மாதம் வங்கியில் எதுவும் விழாததும் உண்மை.

கொஞ்சம் பின்னால் போனால் கூட்டம் இன்னும் பெரிது. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளே பணி, ஆகவே பென்ஷன் இல்லை. அவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் பல மாநில அரசுகள் தனியாக மாத உதவி கொடுத்து வருகின்றன. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு படைக்குப் போனவர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பட்டப்பெயர். அந்த மாதிரி ஊர்களில் பென்ஷன் வாங்குகிற வீடும் வாங்காத வீடும் சுவரை ஒட்டி இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

மருத்துவமும் அப்படியே. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் பென்ஷன்காரர்களை மனதில் வைத்து உருவானது. பென்ஷன் இல்லையென்றால் அந்தக் கதவும் பொதுவாகத் திறக்காது.

இப்போது கொடிநாள் நிதியிலிருந்து போகிற முக்கியமான உதவிகளைப் பாருங்கள். பென்ஷன் இல்லாத, நிலையான வருமானம் இல்லாத, 65 வயதைத் தாண்டிய முன்னாள் வீரருக்கோ அவருடைய விதவைக்கோ வாழ்நாள் முழுக்க மாத உதவி. ஹவில்தாரும் அதற்குக் கீழே உள்ள பதவிகளும்தான் இதில் வருகின்றன. வறுமை உதவி என்று பெயர். மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 அக்டோபரில் 8,000 ஆக்கினார்கள். அதே அறிவிப்பில் பிள்ளைகளின் கல்வி உதவி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆனது; ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகளுக்கு. மகளின் திருமணத்துக்கும் விதவை மறுமணத்துக்கும் தரும் உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது. அதற்கு முன்பே 2023இல் பென்ஷன் இல்லாதவர்களின் மருத்துவ உதவி 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆகவும், விதவைகளின் தொழிற்பயிற்சி உதவி 20,000 ரூபாயிலிருந்து 50,000 ஆகவும் உயர்ந்திருந்தன.

பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எல்லையில் நேற்று நடந்த சண்டை இதில் எங்கேயும் இல்லை. வயதான ஹவில்தார், தையல் கற்றுக்கொள்ளும் விதவை, கல்லூரிக்குப் போகிற பையன், கல்யாணத்துக்கு நிற்கிற பெண். தொலைக்காட்சி காட்டாத ஆட்கள். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியைப் பார்த்து நாம் நெகிழ்ந்து கொடுக்கிறோம், பணம் இருபது வருஷம் கழித்து வேறொரு திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது. இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. பெட்டி வந்த வீட்டுக்கு முதல் வாரத்தில் அமைச்சர் வருவார், ஆட்சியர் வருவார், காசோலை வரும். திண்ணைக்காரரிடம் யாரும் வரமாட்டார்கள்.

## கோயில் கட்டளை மாதிரி ஒரு நிதி

டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள். பள்ளியில் படிக்கும்போது டீச்சர் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு சின்னக் காகிதக் கொடி ஒன்றைச் சட்டையில் குத்திவிடுவார். சிவப்பு, கருநீலம், இளநீலம். தரைப்படை, கப்பற்படை, விமானப்படை என்று மூன்றுக்கும் ஒவ்வொரு நிறம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மத்தியானத்துக்குள் குண்டூசியை எடுத்து விளையாடிக் கொடியைத் தொலைத்திருப்போம்.

இந்த நாளின் தொடக்கம் 1949. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் இருந்த குழு, ஆண்டுக்கொரு நாள் கொடி கொடுத்து நன்கொடை திரட்டலாம் என்று முடிவு செய்தது. காரணம் மூன்று: போரில் ஊனமுற்றவர்களின் மறுவாழ்வு, பணியில் இருப்பவர்கள் மற்றும் அவர்கள் குடும்பத்தின் நலன், ஓய்வு பெற்றவர்களின் நலன். காலப்போக்கில் இதே வேலைக்கு வேறு வேறு பெயரில் நிதிகள் முளைத்துவிட்டன. போரில் கணவனை இழந்தவர்களுக்கு ஒன்று, பார்வை இழந்த வீரர்களுக்கு ஒன்று, கூர்க்கா வீரர்களுக்கு ஒன்று என்று. 1993இல் அவற்றை இணைத்து ஒரே நிதியாக்கினார்கள். அதுதான் இன்றைய படைவீரர் கொடிநாள் நிதி.

இது எப்படி இயங்குகிறது என்பதற்குக் கோயில் கட்டளைதான் சரியான உவமை. பாட்டனார் ஒருவர் ஐப்பசி அன்னாபிஷேகத்துக்கென்று இரண்டு ஏக்கர் எழுதி வைத்தார் என்றால், அந்த நிலத்தை விற்று ஒரே வருஷத்தில் அபிஷேகம் செய்துவிட மாட்டார்கள். நிலம் அப்படியே இருக்கும். குத்தகைப் பணத்தில் வருஷாவருஷம் அபிஷேகம் நடக்கும். உதிரப்பட்டியும் அதுதான். இங்கே நிலத்தின் இடத்தில் இருப்பது மூலநிதி, அதாவது கை வைக்காமல் முதலீடு செய்து வைத்திருக்கும் தொகை. குத்தகையின் இடத்தில் வட்டி. வறுமை உதவி போல ஒருவரின் ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டிய உதவிக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. ஒரு வருஷம் வசூல் குறைந்தது என்பதற்காக எழுபது வயதுக் கிழவியிடம் 'இந்த மாசம் இல்லை' என்று சொல்ல முடியாதல்லவா?

ஆகவே 'நான் கொடுத்த நூறு ரூபாய் எந்த வீரனுக்குப் போனது?' என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. அது மூலத்தில் ஒரு செங்கல்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு: 'கொடிநாள் வந்தால் இலக்கு வைத்து வசூல் செய்கிறார்கள்.' உண்மைதான். நம் ஊரில் மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து, ஆட்சியர் தொடங்கி வைத்து, துறைவாரியாகத் திரட்டுகிறார்கள். கட்டாயமாகப் பிடுங்கினால் அது கொடை இல்லை, வரி. அந்த எரிச்சல் நியாயமானது. அதே நேரம், இப்படி ஊர் ஊராக இறங்கித் திரட்டுவதால்தான் சிறுகச் சிறுகச் சேருகிறது.

சுருக்கமாக: கொடிநாள் நிதி உண்டியல் இல்லை, கட்டளைச் சொத்து. போடுவது மூலத்தில் சேரும், வட்டி உதவியாகப் போகும்.

## எந்தக் கணக்கு யாருக்கு

எல்லாச் சீருடையும் ஒன்று என்று நினைப்பது அடுத்த குழப்பம். சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழே வருபவை. தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகம். வேறு வேறு வீடு, வேறு வேறு அடுப்பு.

'பாரத் கே வீர்' என்று ஒரு தளம் 2017 ஏப்ரலில் வந்தது. அது உள்துறையின் கீழே உள்ள மத்தியப் படைகளில் உயிர் நீத்தவர்களின் குடும்பங்களுக்கானது. இன்னாருடைய குடும்பத்துக்கு என்று பெயர் பார்த்தே கொடுக்கலாம். கொடுப்பதெல்லாம் பிரபலமான ஒருவர் வீட்டுக்கே குவிந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எனக்கு இந்த உச்சவரம்பு மிகவும் பிடித்த யோசனை. மொய் எழுதுகிற இடத்தில் இப்படியொரு விதி இருந்தால் எத்தனை வீடு பிழைக்கும்!

முப்படைகளுக்கும் பொதுவாகப் போர் இழப்பு நல நிதி என்று ஒன்று இருக்கிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரை மூடியது; தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அப்போது நாடெங்கும் பணம் கொடுக்க மக்கள் முன்வந்தார்கள், வாங்கிப் போட முறையான இடம் தேவைப்பட்டது. அதன் பிறகு இந்த நிதி முறைப்படி அமைந்தது, 2022 அக்டோபரில் இணையத்திலேயே செலுத்த 'மா பாரதி கே சபூத்' என்ற தளம் வந்தது. முதலில் சொன்ன வாட்ஸ்அப் செய்திக்குள் ஒளிந்திருந்த உண்மை இதுதான். கணக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஆயுதம் வாங்க இல்லை.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். போர் இழப்பு என்றால் பகைவரின் குண்டில் விழுந்தவர் மட்டும் இல்லை. சியாச்சின் போன்ற களத்தில், பணியின்போது பனிச்சரிவில் இறந்தவரும் அதில் சேர்வார். விடுமுறையில் ஊருக்கு வந்து சாலை விபத்தில் இறந்தவர் சேரமாட்டார். 'வீரமரணம்', 'தியாகி' எல்லாம் பத்திரிகையும் மேடையும் சொல்லும் சொற்கள். அலுவலகக் கோப்பில் தொகையைத் தீர்மானிப்பது 'போர் இழப்பு' என்ற வகைப்பாடு.

நான்காவதாக, தேசியப் பாதுகாப்பு நிதி. 1962 சீனப் போரின்போது தொடங்கியது. பெண்கள் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த நிதி இது. பிரதமர் தலைமையிலான குழு நிர்வகிக்கிறது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி படிக்கத் தரும் பிரதமர் கல்வி உதவித்தொகை இதிலிருந்துதான் போகிறது: பையன்களுக்கு மாதம் 2,500, பெண்களுக்கு 3,000 ரூபாய்.

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் மறுவாழ்வு மையங்கள் புனேயை அடுத்த கிர்க்கீயிலும் மொஹாலியிலும் இருக்கின்றன. அவற்றுக்கும் கொடிநாள் நிதி வழியாக உதவி போகிறது.

தனியார் அறக்கட்டளைகளும் நிறைய உண்டு. நல்லவையும் உண்டு. ஆனால் தனி ஒருவரின் யு.பி.ஐ. எண்ணைக் காட்டி 'ஜவான்களுக்காக' என்று வருகிற எதற்கும் பணம் அனுப்பாதீர்கள். அரசு நிதிகள் எதுவும் தனியாள் பெயரில் பணம் வாங்குவதில்லை.

## பணம் கைக்கு வருகிற வழி

மேலே டெல்லியில் முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய சைனிக் வாரியம், நடுவில் மாநிலம், கீழே மாவட்டம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதற்குள் கால் வைத்ததே இருக்காது; மிலிட்டரி கேன்டீன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குக்கூட இந்த அலுவலகம் தெரியாது. விண்ணப்பத்தை இணையத்தில் போட்டாலும் சரிபார்ப்பது மாவட்ட அலுவலகம்தான். அங்கிருந்து மேலே போய், தேறினால், பணம் வங்கிக் கணக்கில் விழும். மத்திய நிதிக்கு வெளியே மாநிலம் தன் வசூலிலிருந்து தருகிற உதவிகளும் இதே அலுவலகத்தில்தான்.

'முன்னாள் படைவீரர்' என்ற சொல்லுக்கும் ஒரு வரையறை உண்டு. படையில் இருந்த எல்லாரும் அதில் வரமாட்டார்கள். எந்தக் காலத்தில் சேர்ந்தார், என்ன காரணத்தால் விலகினார் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் வரமாட்டார். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டு வெளியே வருகிற அக்னிவீரருக்குப் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை என்றே ஆள்சேர்ப்பு அறிவிப்பு சொல்லியது. பென்ஷன் இல்லாதவர்களுக்காகவே அமைந்த உதவிகள் இவர்களுக்கு எட்டுமா என்ற கேள்வி முதல் அணி வெளியே வரும்போது பெரிதாகும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, பணம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பது. பெரும்பாலும் காகிதத்தில். படைவீரருக்குக் கல்யாணம் நடந்தாலோ பிள்ளை பிறந்தாலோ அதை அவருடைய பிரிவு ஆவணத்தில் பதிய வேண்டும். இதற்கு 'பார்ட் டூ ஆர்டர்' என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் லீவில் வந்து தாலி கட்டிவிட்டு ஓடிய பலர் இதைப் பதியவே இல்லை. முப்பது வருஷம் கழித்து அவர் இறந்ததும், அரசின் பார்வையில் அவருக்கு மனைவியே கிடையாது. பதிந்திருந்தாலும் ஆவணத்தில் 'சரசு', ஆதாரில் 'சரஸ்வதி'. இனிஷியல் வைத்து எழுதும் நம் பழக்கம் இன்னொரு சிக்கல்: அங்கே விரித்து எழுதியது, இங்கே ஒற்றை எழுத்து.

உங்கள் உறவிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விலகும்போது கொடுத்த பதிவுப் புத்தகம், இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பழைய வேட்டியில் சுற்றி அடியில் வைத்திருப்பார்கள். அதில் மனைவி பெயர் எழுதியிருக்கிறதா, எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெயர் மாறியிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே மாவட்ட அலுவலகம் வழியாக, படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்துவது சுலபம். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்கு அந்தப் பாட்டி எத்தனை தடவை பஸ் ஏற வேண்டியிருக்கும் என்று அந்த அலுவலக வாசலில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.